கண்ணாடிக் கூரையின் கீழ் திராட்சை

திராட்சை குளிருக்கு அஞ்சும் கொடி அல்ல. இலை உதிர்த்து உறங்கும் மாதங்களில் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இறங்கினாலும் பெரும்பாலான ஐரோப்பிய வகைகள் தாங்கிக்கொள்ளும். அப்படியிருந்தும் இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் தலைமுறை தலைமுறையாக இதைக் கண்ணாடிக்குள் வைத்து வளர்த்தார்கள். குளிர்காலத்திலிருந்து கொடியைக் காப்பாற்றுவது அவர்கள் நோக்கம் அல்ல. அங்கே கோடை போதவில்லை, அதுதான் காரணம். திறந்தவெளியில் கோடையின் நடுவில்தான் கொடி பூக்கிறது. பழத்தில் சர்க்கரை ஏற வேண்டிய நேரத்தில் அக்டோபர் மழையும் ஈரமும் வந்து நின்றுவிடுகின்றன. கண்ணாடி வசந்தத்தின் பக்கம் சில வாரங்களையும் இலையுதிர்காலத்தின் பக்கம் சில வாரங்களையும் கூட்டித் தருகிறது. மேசையில் வைத்துத் தின்னும் பழத்துக்கு அந்த வாரங்கள்தான் உயிர்.

இந்த ஒன்று புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கண்ணாடிக்குடிலில் முதன்முதலாகத் திராட்சை வைப்பவர்கள் பலர், டிசம்பரிலும் கதவையும் காற்றுச் சாளரங்களையும் அடைத்துக் கொடிக்குக் கதகதப்பு தருகிறார்கள். கொடிக்கு அது தீங்கு. குளிரை அனுபவித்து உறங்கி எழுந்தால்தான் மொட்டுகள் ஒருசேர விழிக்கும். உறக்கம் குறைந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர்க்கும். அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் அறுவடை முடிந்ததும் எல்லாச் சாளரங்களையும் திறந்துபோட்டு, பனிக்காற்று உள்ளே புகும்படி விடுவார்கள்.

கண்ணாடி வெயிலைப் பெருக்குகிறது, மழையை நிறுத்துகிறது. கூடவே காற்றையும் குளிரையும் இலைகளைக் கழுவிவிடும் தூறலையும் நிறுத்திவிடுகிறது. அது நிறுத்திவிட்டதை எல்லாம் மனிதக் கை திரும்பக் கொடுத்தாக வேண்டும். இருநூற்றைம்பது ஆண்டுக் கண்ணாடிக்குடில் திராட்சையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் இந்த ஒரு கணக்கை வைத்தே விளக்கிவிடலாம் என்பது என் முடிவு. தொழில்நுட்பக் குறிப்புகளும் விலைப்போட்டியும் நோய்களும் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கின்றன.

லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இன்றும் ஒரு பெருங்கொடி காய்க்கிறது. தோட்டக் கலைஞர் லான்சலாட் பிரவுன் 1768-இல் நட்டது. இல்ஃபர்டில் உள்ள வாலண்டைன்ஸ் மாளிகையில் 1758-இல் வைத்த கொடியிலிருந்து வெட்டிவந்த குச்சிதான் இது. வகை பிளாக் ஹாம்பர்க். அடித்தண்டின் சுற்றளவு நான்கு மீட்டர். மிக நீண்ட கிளை 36 மீட்டரைத் தாண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 270 கிலோ பழம் கிடைக்கிறது. ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கு மட்டும் போன பழம், இப்போது அறுவடைக் காலத்தில் பார்வையாளர்களுக்கு விற்கப்படுகிறது. அங்கே போகிறவர்கள் தலைக்கு மேலே பரவிய கிளைகளைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கண்ணாடிக்கு வெளியே கிடக்கும் வெற்று நிலம். ஒரு புல்கூட முளைக்கவிடாமல் காக்கப்படும் அந்த மண்ணுக்குள்தான் கொடியின் வேர் ஓடுகிறது.

வேர் வெளியிலா, உள்ளேயா என்பது இந்தத் துறையின் மிகப் பழைய சர்ச்சை. வெளியே வேர், உள்ளே கொடி என்பது ஒரு கட்சி: சுவரின் அடியில் துளையிட்டுத் தண்டை உள்ளே இழுத்துவிடுவார்கள். மழை பாசனத்தைப் பார்த்துக்கொள்ளும். வேர் தன் விருப்பப்படி பரவும். இதில் குறை என்னவென்றால், உள்ளே இலை விழித்துக்கொண்ட பிறகும் வெளியே மண் குளிர்ந்தே கிடக்கும். உள்ளேயே வேரும் இருக்கட்டும் என்பது எதிர்க்கட்சி. மண் சீக்கிரம் சூடாகும், உரத்தை அளந்து போடலாம். ஆனால் கொடி குடிக்கும் தண்ணீர் முழுவதும் குழாயிலிருந்தோ வாளியிலிருந்தோ வர வேண்டும். கோடையில் ஒரு வாரம் மறந்தால் காய் சுருங்கும். காய்ந்த மண்ணில் திடீரென வெள்ளமாய் விட்டால் பழம் வெடிக்கும். ஆளும் சூடேற்றும் வசதியும் உள்ளவருக்கு இரண்டாவது வழி. மற்றவர்களுக்கு முதல் வழி. வீட்டுக் குடில் வைத்திருப்பவருக்கு, குடில் தரை மண்ணாக இருந்தாலும் கூட, வேரை வெளியே விடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

வேர்ப்பாத்தி விஷயத்தில் விக்டோரியா காலத்துத் தோட்டக்காரர்கள் எல்லை மீறினார்கள். சுண்ணாம்புக் காரை, எலும்பு, ஏன் இறந்த குதிரையின் உடல்வரை பாத்தியில் புதைத்தார்கள். இப்போது நமக்குத் தெரிந்தது வேறு. வடிகால் நன்றாக இருந்தால் மெலிந்த மண்ணிலும் திராட்சை வாழும். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் கொழிக்கும், குலை கொழிக்காது.

கண்ணாடி விலையேறிய பொருளாக இருந்தவரை இது பிரபுக்களின் பழமாகவே இருந்தது. வெல்பெக் அபியில் போர்ட்லாண்ட் பிரபுவின் தோட்டக்காரராக இருந்த வில்லியம் ஸ்பீச்லி, 1781-இல் சிரியன் என்னும் வகையில் பத்தொன்பதரை ராத்தல், அதாவது ஏறக்குறைய ஒன்பது கிலோ எடையுள்ள ஒற்றைக் குலையை விளைவித்தார். ராக்கிங்ஹாம் பிரபுவுக்கு அன்பளிப்பாகப் போன அந்தக் குலையைக் கோலில் தொங்கவிட்டு, நான்கு ஆட்கள் இருவர் இருவராய் முறைபோட்டு, இருபது மைலுக்கு மேல் சுமந்து சென்றார்கள். சிரியன் சுவையில் சாதாரண வகை. அது உண்பதற்காக வளர்த்த பழமே அல்ல, தோட்டத்தின் பெருமைக்காக வளர்த்தது. அதே காலத்தில் குயெர்ன்சி தீவின் கேண்டி தோட்டத்தில் 1792-ஐ ஒட்டி எழுந்த சூடேற்றிய கண்ணாடிக்குடில்கள் இன்னும் நிற்கின்றன. அவையும் திராட்சைக்காகக் கட்டியவையே.

பிரிட்டனில் கண்ணாடியை எடைபோட்டு வரி வசூலித்தார்கள். 1845-இல் அந்த வரி நீங்கியது. நல்ல கண்ணாடி மலிந்தது; நிலக்கரி மலிவு; வெந்நீர்க் குழாய்கள் வந்துவிட்டன; கூலி எல்லாவற்றையும்விட மலிவு. அடுத்த ஐம்பது ஆண்டுகள் கண்ணாடித் திராட்சையின் பொற்காலம். பெரிய மாளிகைகளில் முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் என்று தனித்தனிக் குடில்கள் வைத்து, ஒன்றில் ஜனவரியிலேயே அடுப்பை மூட்டி, இன்னொன்றில் வேண்டுமென்றே தாமதித்து, வசந்தம் முதல் அடுத்த வசந்தம்வரை மேசையில் பழம் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பறித்த குலையைக் காக்கவும் வழி கண்டார்கள். குலையோடு ஒரு சாண் கிளையையும் சேர்த்து வெட்டி, கரித்துண்டு போட்ட நீர்க்குப்பியில் அந்தக் கிளையைச் செருகி, இருண்ட குளிர்ந்த அறையில் வரிசையாக வைப்பார்கள். பிரான்சில் பாரிசுக்குத் தெற்கே தோமெரி கிராமம் இந்த முறையாலேயே பேர் பெற்றது. அங்கே குடில் இல்லை. வெயில் பார்த்த சுவர்களில் படரவிட்ட கொடிகளின் பழம், வசந்தம்வரை பச்சைக் காம்போடு இருந்தது.

இனி, கண்ணாடிக்குள் கை செய்ய வேண்டிய வேலைகளைப் பார்ப்போம்.

முதலில் கவாத்து. குடிலில் பெரும்பாலும் ஒரே ஒரு நேர்தண்டைக் கூரையின் சரிவோடு ஏற்றி, அதன் இருபுறமும் ஒரு சாண் இடைவெளியில் குட்டைக் கணுக்களை வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் கோடையில் வளர்ந்த பக்கக்கிளைகளை எல்லாம் இரண்டு மொட்டு விட்டு வெட்டிவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே இதை முடிக்க வேண்டும் என்பது பழைய விதி. குடிலுக்குள் கொடி சீக்கிரம் விழித்துக்கொள்வதால், தாமதித்து வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சாறு நாள்கணக்கில் சொட்டும். வெட்டிய பிறகு பலர் விட்டுவிடும் ஒரு வேலை உண்டு. தண்டைக் கம்பிகளிலிருந்து அவிழ்த்து, நுனி தரையை நோக்கி வளையும்படி தாழ்த்தித் தொங்கவிட வேண்டும். நிமிர்ந்து நின்றால் சாறு முழுவதும் நுனி மொட்டுகளுக்கே ஓடி, அடிக்கணுக்கள் கண் திறக்காமலே போய்விடும். தாழ்த்திவிட்டால் எல்லாம் ஒன்றுபோலத் துளிர்க்கும். துளிர்த்ததும் மறுபடி தூக்கிக் கட்டலாம்.

கோடையில் கணுவுக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு குலை. குலைக்கு அப்பால் இரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அதிலிருந்து கிளைப்பவற்றை ஒரே இலையில் நிறுத்த வேண்டும். இதைச் செய்ய மனம் வராமல் இலையை வளரவிடுகிறவர்கள் அந்த ஆண்டை மட்டும் இழப்பதில்லை. அடுத்த ஆண்டுக்கான குலைகளின் கரு, இந்தக் கோடையிலேயே மொட்டுக்குள் உருவாகிறது. அந்த மொட்டின்மேல் வெளிச்சம் பட்டிருக்க வேண்டும். கண்ணாடியே வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தை இலைக்கூட்டம் மறைத்தால் மறுவருடம் வெறுங்கிளைதான்.

பிளாக் ஹாம்பர்க் தானாகவே காய் பிடிக்கும். அலெக்சாண்டிரியா மஸ்கட் என்னும் வகை அப்படியல்ல. குடிலுக்குள் காற்று அசையாததால் மகரந்தம் நகராது. ஈரம் உலர்ந்த நண்பகலில் தண்டைத் தட்டியும், பூங்கொத்தின்மேல் உள்ளங்கையை மெல்ல வழித்தும் மகரந்தத்தைப் பரப்புவார்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் காய் கலைப்பதுதான் பெரிய வேலை. காய்கள் சிறு பட்டாணி அளவுக்கு வருவதற்கு முன், நீண்டு மெலிந்த முனையுள்ள கத்தரியால் அவற்றில் மூன்றில் ஒரு பங்கை, சில வகைகளில் பாதியைக்கூட, வெட்டி எடுக்க வேண்டும். உள்ளே மறைந்தவை முதலில், பிறகு சிறுத்தவை, பிறகு நெருக்குபவை. இடக்கையில் சிறு கவைக்குச்சி இருக்கும். குலையைத் திருப்புவதும் தோள்கொத்துகளை விலக்குவதும் அதனால்தான். விரல் படக்கூடாது, குனியும்போது தலைமுடிகூட உரசக்கூடாது. பட்ட இடத்தில் பழத்தின்மேல் படியும் வெண்பூச்சு அழிந்து, அறுவடைவரை அந்தத் தழும்பு தெரியும். ஏணிமேல் நின்று, தலைக்குமேல் கைதூக்கி, புழுக்கத்தில் நூற்றுக்கணக்கான குலைகளை இப்படிக் கலைத்தவர்களின் கழுத்தும் தோளும் என்னவாயிருக்கும்! அந்தக் காலத்துத் தோட்டக்கலை நூல்களில் பிரபுவின் பெயரும் தலைமைத் தோட்டக்காரரின் பெயரும் இருக்கின்றன. ஏணியில் நின்றவர்களின் பெயர் இல்லை. பழத்தின் உண்மையான விலை அந்த ஏணியில்தான் இருந்தது.

நோய்களின் பக்கம் வந்தால் கண்ணாடிக்குடிலின் கணக்கில் ஒரு பெரிய கடன் நிற்கிறது. 1845-இல் கென்ட் கடற்கரையில் மார்கேட் ஊரில் எட்வர்ட் டக்கர் என்ற தோட்டக்காரர் தன் குடில் கொடிகளில் வெள்ளைப் பொடி படிவதைக் கண்டார். 1847-இல் பூஞ்சை ஆய்வாளர் எம். ஜே. பெர்க்லி அதற்கு டக்கரின் பெயரையே வைத்தார். அதுதான் நம் ஊரில் சாம்பல் நோய் எனப்படுவது. வட அமெரிக்காவிலிருந்து வந்த பூஞ்சை, ஐரோப்பாவில் முதலில் கண்ணில் பட்டது ஒரு கண்ணாடிக் கூரையின் கீழ். சில ஆண்டுகளில் பிரான்சின் திறந்தவெளித் தோட்டங்களைப் பிடித்து, 1854-இல் அந்நாட்டு ஒயின் உற்பத்தியை முன்பிருந்ததில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கிவிட்டது. கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தால் அடங்கும் என்று கண்டதும் டக்கர்தான். இன்றும் கந்தகமே அடிப்படை மருந்து.

இரண்டாவது வந்தது இன்னும் கொடியது. 1863-இல் லண்டனின் ஹாமர்ஸ்மித்தில் ஒரு குடிலிலிருந்து, கொப்புளங்கள் எழும்பிய திராட்சை இலைகள் ஆக்ஸ்ஃபர்டு பூச்சியியலாளர் ஜான் ஒபதையா வெஸ்ட்வுட்டின் மேசைக்கு வந்தன. அதில் இருந்தது ஃபிலாக்செரா. தென்பிரான்சில் காரணம் தெரியாமல் பட்டுக்கொண்டிருந்த கொடிகளின் வேரில் அதே பூச்சியை 1868-இல் பிளான்ஷோன் குழுவினர் கண்டார்கள். ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்து, அமெரிக்க வேர்ச்செடிமேல் ஒட்டுக்கட்டி மீண்டும் நடப்பட்டதற்கு அந்தப் பூச்சியே காரணம். குடில்கள்தான் இரண்டையும் ஐரோப்பாவுக்குள் விட்டன என்று சொல்வது மிகை. வேகமான நீராவிக் கப்பல்களில் வந்த நாற்றுகளோடு அவை பல வழிகளில் நுழைந்திருக்கும். ஆனால் வெளிநாட்டுச் செடிகளை ஆவலோடு சேகரித்து வளர்த்தவர்களிடம்தான் அவை முதலில் தென்பட்டன என்பது பதிவான உண்மை.

மற்றப் பூச்சிகள் குடிலுக்கே உரியவை. மாவுப்பூச்சி பட்டையிடுக்கில் குளிர்காலத்தைக் கழிக்கும். உதிரத் தயாரான பட்டையைக் கவாத்துக்குப் பின் விரலால் உரித்துத் துடைத்துவிட வேண்டும். காற்று வறண்டால் செஞ்சிலந்தி பெருகும். ஈரம் மிகுந்தால் பூஞ்சை. காலையில் தரையை நனைப்பதும், வெயில் ஏறும் முன்பே மேல்சாளரத்தைத் திறப்பதும் இரண்டுக்கும் நடுவே நடக்கும் அன்றாடப் பணி. ஈரம் காயாத பழத்தின்மேல் அடைத்த குடிலில் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். பழுக்கும் நேரத்தில் காம்பு கறுத்துச் சுருங்கி, பழம் புளித்துத் தொங்கினால், பெரும்பாலும் அது நோயல்ல. கொடிமேல் தாங்க முடியாத சுமை ஏற்றியதன் விளைவு, அல்லது வேரில் நீர் தேங்கியதன் விளைவு.

வணிக வரலாறு விரைவில் சொல்லி முடிக்கக்கூடியது. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்சுக்குத் தெற்கே ஹூய்லார்ட் ஊரில் ஃபெலிக்ஸ் சோஹி 1865-இல் முதல் குடிலைக் கட்டினார். உச்சத்தில் அந்த வட்டாரத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடில்கள் நின்றன. கிராமமே கண்ணாடிக் கிராமம் எனப்பட்டது. ஸ்காட்லாந்தின் கிப்பன் ஊரில் 1891-இல் நட்ட கிரோ கோல்மன் கொடி, உலகிலேயே பெரியது என்று பேர் வாங்கியது. குயெர்ன்சியில் திராட்சைக்கு நடுவே ஊடுபயிராக வந்த தக்காளி, கொஞ்சம் கொஞ்சமாகத் திராட்சையையே வெளியேற்றியது. தக்காளிக்கு ஏணியும் கத்தரியும் கவைக்குச்சியும் வேண்டியதில்லையே. கூலி உயர்ந்தது, எரிபொருள் விலை உயர்ந்தது, தெற்கு ஐரோப்பாவிலிருந்து லாரியில் பழம் வந்தது. கிப்பன் கொடியை 1964-இல் வெட்டிவிட்டார்கள். ஹூய்லார்டில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சிலரே.

இவ்வளவு பாடுபட்டதில் உலகத்துக்கு மிஞ்சியது என்ன? என் விடை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகக் காய்க்கும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷையரில், ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ, 1850-ஐ ஒட்டி, கண்ணாடிக்குள் வளர்ந்த பிளாக் ஹாம்பர்க்கையும் அலெக்சாண்டிரியா மஸ்கட்டையும் கலந்து அதை உருவாக்கினார். பெற்றோர் இவர்கள்தான் என்பதை மரபணு ஆய்வும் உறுதிசெய்திருக்கிறது. ஹாம்ப்டன் கோர்ட் பெருங்கொடியின் வகை, கம்பம் பன்னீருக்கு நேர் பெற்றோர்! நெருப்பு மூட்டிக் கோடையைச் செயற்கையாக நீட்டிய ஒரு நாட்டில் பிறந்த பழம், கோடை முடியாத ஒரு பள்ளத்தாக்கில் வந்து நிலைபெற்று, 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

கம்பத்தில் கேள்வியே தலைகீழ். அங்கே கோடை நிறைய, இல்லாதது குளிர்காலம். இலையுதிர்த்து உறங்கக் கொடிக்கு வாய்ப்பே இல்லை. கவாத்துக் கத்தரிதான் அங்கே பருவத்தை நிர்ணயிக்கிறது: வெட்டிய நாளிலிருந்து எண்ணி அறுவடை. அதனால்தான் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டம் பூக்கும்போது இன்னொன்று பழுக்கிறது, ஆண்டு முழுவதும் சந்தைக்குப் பழம் வருகிறது. லண்டன் குடிலும் கம்பத்துப் பந்தலும் இயற்கை தர மறுத்த ஒரு பருவத்தைக் கையால் செய்துகொண்டவை. குடில் கட்டுவதற்கான தேவை தமிழ்நாட்டுத் திராட்சைக்கு வெப்பத்தால் எழாது. எழுந்தால் மழையாலும் ஆலங்கட்டியாலும் எழும். நாசிக் வட்டாரத்தில் பருவம் தவறிய மழைக்கு அஞ்சிக் கொடிகளின்மேல் பிளாஸ்டிக் விரிப்பு போடத் தொடங்கியிருப்பது அந்தத் திசையில்தான்.

கூலி மிகுந்த நாட்டில் இந்தத் தொழில் வாழவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பான் அதற்குச் சாட்சி. ஒகயாமா மாநிலத்தில் 1880-களில் கண்ணாடிக்குடிலில் தொடங்கிய அலெக்சாண்டிரியா மஸ்கட் இன்றும் தொடர்கிறது. ஷைன் மஸ்கட் என்னும் வகையில் ஒவ்வொரு குலையையும் கையால் ஜிப்ரலின் கரைசலில் முக்கி விதையில்லாமல் ஆக்குகிறார்கள். இஷிகாவா மாநிலத்தின் ரூபி ரோமன் 2008-இல் சந்தைக்கு வந்தது. ஒரு பழம் குறைந்தது 20 கிராம் இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். பருவத்தின் முதல் ஏலங்களில் ஒரு குலை பத்து லட்சம் யென்னைத் தாண்டியதும் உண்டு. பரிசுப்பொருளாகப் பழம் கொடுக்கும் வழக்கமுள்ள சமூகம், கையுழைப்பின் விலையைக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. ஐரோப்பா அதைக் கொடுக்க மறுத்த இடத்தில் குடில் வெறுமையானது.

இங்கிலாந்தின் கென்ட்டிலும் சஸ்ஸெக்ஸிலும் இப்போது திறந்தவெளியில் ஒயின் திராட்சை நன்றாகவே விளைகிறது. புளிப்பு மிச்சமிருப்பது நுரையொயினுக்கு நல்லது. தின்னும் பழத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, ஆகவே வீட்டுக்குடிலுக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது. சூடேற்றாத குடிலுக்கு பிளாக் ஹாம்பர்க்கைவிட நம்பகமான வகை வேறில்லை. வெள்ளைப் பழம் வேண்டுமென்றால் ஃபாஸ்டர்ஸ் சீட்லிங். ஊர்ப் பன்னீரின் மணத்தைத் தேடி மஸ்கட் ஹாம்பர்க்கையே நட விரும்பும் நம்மவர்கள் நடலாம். காய்பிடிப்பு அதில் சற்றுச் சிரமம், பூக்கும் நாள்களில் தினமும் நண்பகலில் தண்டைத் தட்டிவிட வேண்டியிருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் வரும் பூங்கொத்துகளை எல்லாம் கிள்ளி எறிந்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் மூன்று குலை, நான்காம் ஆண்டில் ஐந்து. அதற்குமேல் கொடி எவ்வளவு தாங்கும் என்பது முந்தைய கோடையில் வளர்ந்த கிளையின் பருமனைப் பார்த்தாலே தெரியும்: பென்சிலைவிட மெலிந்திருந்தால் இன்னும் ஓராண்டு பொறுக்க வேண்டும்.